மூன்று குண்டுகளை நம்பிக் குழலைத் தேய்க்காதீர்கள்

இந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் எனக்குப் பக்கத்து மேடையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அவரும் தமிழர், சங்கத்தின் பயிற்சிக் காலத்தைச் சென்ற ஆண்டுதான் முடித்தவர். அவர் முன்னால் 11 சிறு பைகள். ஒவ்வொரு பையிலும் அவர் தம் கையால் அடைத்த 3 தோட்டாக்கள். பைக்குப் பை வெடிமருந்து 0.2 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறிய எடை அலகு) கூடுதல். எல்லாவற்றையும் 100 கஜத்தில் சுட்டுத் துளைகளை அளந்து பார்த்தவர், ஏழாவது பைக்குரிய தாளை என்னிடம் நீட்டினார். "இதுதான் சரியான அளவு அண்ணா. மூன்றும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன."

14 ஆண்டுகளுக்கு முன் இதே மகிழ்ச்சியோடு இப்படி ஒரு தாளை நானும் ஒருவரிடம் நீட்டினேன். அந்தத் தாளை நம்பியதில் ஒரு குழலும் இரண்டு ஆண்டுகளும் போயின. அதனால்தான் நானும் மற்றவர்களும் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். காதுக் கவசம், போல்ட்டை (தோட்டா இருக்கும் அறையைப் பூட்டும் தண்டு) திறந்து வைத்தல் போன்றவற்றை எந்தச் சங்கமும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று குண்டுகளை வைத்து முடிவு செய்வது

என் முதல் துப்பாக்கி .308 என்ற தோட்டா ரகத்துக்கானது. அதற்கு ஏற்ற மருந்தின் அளவைக் கண்டுபிடிக்க அந்த இளைஞர் செய்ததையே நானும் செய்தேன். ஓர் அளவில் மூன்று குண்டுகள் ஒரே துளையில் விழுந்தன. அந்த அளவில் 200 தோட்டாக்கள் அடைத்தேன். அடுத்த வாரம் அதே அளவு, அதே துப்பாக்கி, அதே 100 கஜம்; குண்டுகள் இரண்டு மடங்கு பரவி விழுந்தன. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் குறை என்று நினைத்து வேறு பிரைமர் வாங்கினேன். பிறகு மருந்தை மாற்றினேன். பிறகு குண்டை. பிறகு குண்டு உறைக்குள் இறங்கும் ஆழத்தை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மீண்டும் மூன்று மூன்றாக ஒரு வரிசை.

நான் தேடிய மந்திர அளவு என்று ஒன்று இருக்கவே இல்லை. ஒரே பெட்டியிலிருந்து ஒரே மாதிரியான 33 தோட்டாக்களை எடுத்து, மூன்று மூன்றாக 11 தாள்களில் சுட்டுப் பாருங்கள். ஒரு தாளில் மூன்றும் ஒட்டி நிற்கும். இன்னொன்றில் விலகிக் கிடக்கும். தோட்டாவில் எந்த வேறுபாடும் இல்லை. அது தற்செயல். அந்தத் தற்செயலுக்குத்தான் நாம் கிரெயின் கணக்கில் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேகமானியில் வரும் எண்களும் அப்படியே. 5 குண்டுகளைச் சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கம் (குண்டுக்குக் குண்டு வேகம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) நொடிக்கு 10 அடி என்று வந்தால் உடனே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். புள்ளியியல் படி, 5 குண்டுகளில் கிடைத்த 10 என்பதற்கு உண்மை மதிப்பு ஏறத்தாழ 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். 20 குண்டுகள் சுட்டிருந்தால் அந்த வீச்சு 8 முதல் 15 வரை சுருங்கும். இதை யாராவது முதல் மாதமே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இரண்டாம் ஆண்டு முடிவில் சுமார் 2500 குண்டுகள் அந்தக் குழல் வழியாகப் போயிருந்தன. அவற்றில் 2000-க்கு மேல் 100 கஜத்தில், மேசை மீது வைத்துச் சுட்டவை. குழலுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு குண்டும் குழலின் தொண்டையை, அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் இடத்தை, கொஞ்சம் அரிக்கிறது. .308 பொறுமையான ரகம், 6.5-284 போன்ற வேகமான தோட்டா ரகங்களில் 1000, 1200 குண்டுகளிலேயே குழல் தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட துப்பாக்கியை வாங்கி, பாதி ஆயுளை அளவு தேடுவதில் கரைத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

குழலின் விலையைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. அந்த 2000 குண்டுகளில் ஒன்றுகூட எனக்குக் காற்றைக் கற்றுத்தரவில்லை. கணக்கைப் பாருங்கள். .308 குண்டின் வேகம் நொடிக்கு 10 அடி மாறினால், 1000 கஜத்தில் அது சுமார் 3 அங்குலம் மேலோ கீழோ போகும். குறுக்கே வீசும் காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தால் சுமார் 10 அங்குலம் பக்கவாட்டில் போகும். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியில் ஐந்து புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவே ஏறத்தாழ அவ்வளவுதான். 3 அங்குலத்துக்காக இரண்டு ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்திருந்தேன்; 10 அங்குலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பிஸ்லி தளத்தில் 1890 முதல் போட்டிகள் நடக்கின்றன. இங்கே ஆண்டுதோறும் நடக்கும் இம்பீரியல் மீட்டிங் போட்டியில் டார்கெட் ரைபிள் பிரிவினர் சுடுவது அமைப்பாளர்கள் வழங்கும் ஒரே வகைத் தோட்டாவை. அவரவர் துப்பாக்கிக்கென்று பார்த்துப் பார்த்து அடைத்தது அல்ல. ஆனாலும் 900, 1000 கஜங்களில் நடக்கும், அதன் முதன்மைப் போட்டியான கிங்ஸ் பிரைஸின் இறுதிச் சுற்றில் அதே தோட்டாவைக் கொண்டு ஒருவர் வெல்கிறார், மற்றவர்கள் தோற்கிறார்கள்.

எனவே இப்படிச் செய்யுங்கள். மருந்து தயாரித்தவர் வெளியிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். அழுத்தம் மிஞ்சுவதன் அறிகுறிகளை (இறுகும் போல்ட், உறையின் அடியில் தழும்பு) பார்த்தபடி, கையேட்டின் உச்ச அளவுக்குக் கீழேயே ஓரிடத்தில் நில்லுங்கள். அந்த ஓர் அளவில் 20 குண்டுகளை ஒரே தாளில் சுடுங்கள். இருபதும் ஒரு கோண நிமிடத்துக்குள், அதாவது 100 கஜத்தில் ஓர் அங்குலத்தை ஒட்டிய வட்டத்துக்குள் விழுந்தால் வேலை முடிந்தது. மேசையை மடக்கிவிட்டு நெடுந்தூரத் தளத்துக்குப் போங்கள்.

கொடியை மட்டும் பார்ப்பது

கொடி, அது நிற்கும் இடத்துக் காற்றைச் சொல்லும். அதுவும் கொஞ்சம் தாமதமாக. கனத்த துணி, காற்று ஓய்ந்த பிறகும் சில நொடிகள் தூக்கியபடி நிற்கும். தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னால் குவித்துக் கானலை, அதாவது சூட்டில் அலையலையாய்த் தெரியும் காற்றை, பாருங்கள். அது ஓடும் திசையும் வேகமும்தான் குண்டு சந்திக்கப்போகும் காற்றுக்கு நெருக்கமானவை. கானல் ஓடாமல் நேரே மேலே கொதித்தால் காற்று முகத்துக்கு நேராகவோ முதுகுக்குப் பின்னிருந்தோ வருகிறது, அல்லது திரும்பப்போகிறது. அப்போது விரலை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

சாய்வாக வரும் காற்றிலும் எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். சுடும் கோட்டுக்கு 45 பாகையில் வந்தால் பாதிக் கணக்கு என்று நினைக்கிறார்கள். பாதி விளைவு 30 பாகையில்தான். 45 பாகையில் விளைவு பத்தில் ஏழு பங்கு. வாடை, தென்றல், கோடை, கொண்டல் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்த மொழியில் வளர்ந்தவர்கள் நாம். இதைக் கோட்டைவிடுவது எனக்கு இரட்டிப்பாக வலிக்கிறது.

அடுத்தவர் அளவைக் கடன் வாங்குவது

ஜூலை வெயிலில் ஒரு நண்பரின் துப்பாக்கியில் போல்ட் இறுகிக்கொண்டது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டித்தான் திறக்க முடிந்தது. உறையின் அடியில் வெளித்தள்ளியின் (சுட்ட உறையை வெளியே தள்ளும் ஊசி) தழும்பு பளபளத்தது. அந்த அளவை அவருக்குக் கொடுத்தவரின் துப்பாக்கியில் அது ஒழுங்காகவே சுட்டது. ஆனால் கொடுத்தவருடைய உறை வேறு தயாரிப்பு. உறையின் சுவர் தடித்திருந்தால் உள்ளே இடம் குறையும். அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். போதாக்குறைக்கு அந்த அளவு பிப்ரவரிக் குளிரில் சோதிக்கப்பட்டது. தோட்டாக்களோ காலையிலிருந்து காருக்குள் வெந்துகொண்டிருந்தன. சூடான மருந்து வேகமாக எரியும். போல்ட் கனத்தால் அன்றைய சுடுதலை நிறுத்துங்கள். மீதித் தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள்.

மேசையில் இரண்டு மருந்து டப்பாக்கள்

ஒன்றுதான். எப்போதும். இரண்டு இருந்தால் ஒன்றுக்குப் பதில் மற்றதை அடைத்துவிடுவோம்.

உறையின் தோளை அதிகம் பின்னுக்குத் தள்ளுவது

சுட்ட உறையைத் திரும்ப வடிவத்துக்குக் கொண்டுவரும்போது, அதன் தோள், அதாவது உறை கழுத்தாகக் குறுகும் சரிவு, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு பின்னே போனால் போதும். உறையை வடிவமைக்கும் அச்சை அடிவரை இறுக்கித் திருகிவிட்டு அளக்காமல் விடுகிறவர்கள், ஒவ்வொரு முறையும் உறையை நீளவைத்து அடிப்பகுதியை மெலியவைக்கிறார்கள். அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் உறை அங்கே இரண்டாகப் போகிறது என்று பொருள். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரை வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறையை நசுக்கி எறிந்துவிடுங்கள்.

மின்னணுத் தராசை மறுபடி சோதிக்காமல் விடுவது

சன்னல் காற்று, பக்கத்தில் வைத்த கைபேசி, இன்னும் சூடேறாத கருவி என்று எது வேண்டுமானாலும் எண்ணை நகர்த்தும். பத்துத் தோட்டாக்களுக்கு ஒருமுறை சோதனை எடையை வைத்துப் பாருங்கள்.

சாய்ந்த துப்பாக்கி

ஒரு பாகைச் சாய்வு, 1000 கஜத்தில் சுமார் 7 அங்குலம். சாய்வைக் காட்டும் மட்டக்குமிழ் மாட்டுங்கள்.

துப்பாக்கி இல்லாமல் தளத்துக்கு வராதது

அந்த இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. பிறகு அந்த ஏழாவது பையின் அளவிலேயே 20 தோட்டாக்கள் அடைத்து வந்து ஒரே தாளில் சுட்டார். மூன்றில் கண்ட அந்த ஒரே துளை இல்லை. ஆனால் எல்லாம் ஒரு கோண நிமிடத்துக்குள் இருந்தன. போதும் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். பிஸ்லியின் நெடுந்தூரத் தளமான ஸ்டிக்கிள்டவுனில், சுட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரின் பின்னால், அவருடைய அனுமதியோடு, தொலைநோக்கியையும் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு குண்டுக்கும் முன் தம்பி காற்றைக் கணித்து எழுதினார். அந்த அம்மையார் ஸ்கோப்பில் வைத்த திருத்தத்தைப் பிறகு கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். முதல் பத்தில் எட்டு தவறின. மதியத்துக்கு மேல், கானல் கொதிக்கத் தொடங்கிய ஒரு கணத்தில், "இப்போது சுட மாட்டார் அண்ணா" என்றார். அம்மையார் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.