பட்டா, சிட்டா, வில்லங்கம்: தலையாட்டுவதற்கு முன் படிக்க வேண்டியவை

"பட்டா கிளியர் சார், வில்லங்கம் நில், தாய்ப்பத்திரம் கையிலேயே இருக்கு." மனை காட்ட வரும் தரகர் இதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். கேட்பவர் தலையாட்டுவார். சிட்டா என்றால் என்ன, 'நில்' (nil, ஒன்றும் இல்லை) என்றால் எதில் நில் என்று கேட்டால் விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். வாழ்நாள் சேமிப்பைப் போடும் இடத்தில் அந்தக் கூச்சம் கூடவே கூடாது. சொற்கள் மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒரே நிலத்துக்கு இரண்டு துறைகள் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கின்றன. யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பது பதிவுத்துறையிடம், அதாவது சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். நிலம் எங்கே, எவ்வளவு, தீர்வை (நில வரி) யார் பெயரில் என்பது வருவாய்த்துறையிடம், அதாவது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். பத்திரமும் (தாய்ப்பத்திரம் என்பது அதே நிலத்தின் முந்தைய பத்திரம்) வில்லங்கமும் முதல் வீட்டுப் பிள்ளைகள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் இரண்டாவது வீட்டுப் பிள்ளைகள். ஒரு வீட்டுத் தாளை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

பட்டா என்பது விற்பனை ஆவணம் அல்ல. ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ காலத்து ரயத்துவாரி முறையில் (அரசு குடியானவரிடமே நேராக வரி வாங்கும் முறை), இந்த நிலத்துக்கு இவர் வரி கட்ட வேண்டும் என்று குடியானவருக்குக் கொடுத்த சீட்டின் வழித்தோன்றல் அது. அதனால்தான் வருவாய்ப் பதிவு மட்டுமே உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் அதைப் புறக்கணிக்கவும் முடியாது. விற்பவர் பெயரில் பத்திரம் இருந்து பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால், அதற்கு என்ன காரணம் என்று தெரியும்வரை காத்திருங்கள். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர் மாறி ஏறி, இன்றுவரை திருத்தப்படாமல் கிடக்கும் பட்டாக்கள் ஏராளம்.

பட்டாவில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் பரப்பு. '0 - 12.50' என்று இருந்தால் பன்னிரண்டரை சென்ட் என்று படிப்பவர்கள் உண்டு. அது ஹெக்டேர், ஏர் கணக்கு. 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆக 12.50 ஏர் என்றால் ஏறக்குறைய 30.9 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் 1 ஏக்கர். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். சென்னைப் பக்கத்து கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். தஞ்சைப் பக்கம் குழிக்கணக்கு வந்தால், 144 சதுர அடிக் குழி 100 சேர்ந்தது 1 மா, ஏறக்குறைய 33 சென்ட். 20 மா 1 வேலி. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், ஆகவே எந்தக் குழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தில் 33 சென்ட், பட்டாவில் 12.50 ஏர் என்றால் 900 சதுர அடிக்கு மேல் குறைகிறது. எந்த அளவுக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

சிட்டா, ஒருவர் பெயரில் ஒரு கிராமத்தில் உள்ள நிலங்களின் கணக்கு. இப்போது இணையத்தில் இறக்கினால் பட்டாவும் அதுவும் ஒரே தாளில் வருகின்றன. தரகர் காட்டும் நகலை நம்ப வேண்டியதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே எண்) கொடுத்து வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தால் அது கூட்டுப்பட்டா. அதில் ஒருவர் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டு, "இந்த மூலை என் பங்கு" என்று சொன்னால் போதாது. பாகப்பிரிவினைப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.

அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் 2-ஆம் எண் கணக்கு. எந்தப் பசலியில் (வருவாய் ஆண்டில்) என்ன பயிர், யார் சாகுபடி என்று அதில் இருக்கும். பசலி ஜூலை 1-இல் பிறக்கும். அந்த ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434. வயல் வாங்குபவர்கள் அடங்கலைப் பார்த்தே ஆக வேண்டும். சாகுபடி செய்பவர் வேறு ஆள் என்றால் அவர் குத்தகைதாரராக இருக்கலாம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நினைத்தவுடன் வெளியேற்ற முடியாது.

இனி வில்லங்கம். பேச்சுவழக்கில் வில்லங்கம் என்றால் தகராறு. சான்றிதழில் அது ஒரு பட்டியல் மட்டுமே. நீங்கள் கேட்ட காலத்தில், நீங்கள் கொடுத்த புல எண்ணில், அந்த அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். 'நில்' என்றால் அந்தத் தேடலில் ஒன்றும் சிக்கவில்லை என்றுதான் பொருள். பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்மொழிக் குத்தகை எதுவும் அதில் வராமல் போகலாம். பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்க, புதிய எண்ணில் மட்டும் தேடினால் பாதி வரலாறு விட்டுப்போகும். கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள்; ஓராண்டுக்கு எடுத்த 'நில்' எதையும் நிரூபிக்காது.

பட்டியலைக் கீழிருந்தோ மேலிருந்தோ ஒரு சங்கிலி போலப் படியுங்கள். ஒரு பதிவில் எழுதி வாங்கியவர், அடுத்த பதிவில் எழுதிக் கொடுத்தவராக வர வேண்டும். நடுவில் புதிய பெயர் முளைத்தால் அவர் எப்படி வந்தார்? வாரிசாகவா, உயில் மூலமாகவா? அந்தத் தாளைக் கேளுங்கள். 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு வரி இருந்தால் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் 'இரசீது' பதிவாகியிருந்தால்தான் கடன் தீர்ந்ததாகக் கொள்ளலாம்.

ஆவணத்தின் தன்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரயப் பத்திரம் நிலத்தைக் கைமாற்றும். கிரய ஒப்பந்தம் கைமாற்றாது, விற்கிறேன் என்ற உறுதிமொழி மட்டுமே. பவர் என்று சொல்லும் பொது அதிகார ஆவணமும் உரிமையைத் தராது. 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்தால் பவர் பொதுவாகச் செத்துவிடும். தானசெட்டில்மென்ட் எழுதிய நாளிலேயே நடப்புக்கு வரும். உயில், எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான். விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே பங்குள்ள ஒருவர், இன்னொரு பங்காளிக்குத் தன் பங்கை விட்டுக்கொடுப்பது.

ஒரு சொல்லைக் கேட்டதும் நின்று யோசிக்க வேண்டும்: பஞ்சமி. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அது. அவர்கள் அல்லாத ஒருவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இப்போதைய பட்டா சுத்தமாகத் தெரிந்தாலும், சந்தேகம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில், கிராம நிலங்களின் அடிப்படைக் கணக்கான அ-பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பாருங்கள். நியாயப்படியும் அந்த நிலம் வேறொருவருடையது.

கடைசியாகப் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நில்லுங்கள். அதில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் இருக்கும், 3.28 ஆல் பெருக்கினால் அடி. நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள நான்கெல்லையோடு ஒப்பிடுங்கள். 'வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை' என்று பத்திரம் சொல்லும் இடத்தில் பாதை இல்லை என்றால் முன்பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். நில அளவையருக்கு விண்ணப்பித்து, கல் நட்ட பிறகு மறுபடி பேசலாம்.