அடுக்கி அறுக்கும்போது பலகைகள் நழுவாமல் பிணைப்பது எப்படி?

மெல்லிய பிளேடு மேலும் கீழும் அசைந்து வளைவுகளை அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரத்தில் ஒரே வடிவம் பல எண்ணிக்கையில் தேவைப்படும்போது, மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் அறுத்துவிடலாம். நேரம் மிச்சமாவதைவிட, துண்டுகள் அனைத்தும் அச்சில் வார்த்தவை போல் ஒத்திருப்பதே இம்முறையின் பெரிய பயன். ஆனால் கடைசி வெட்டு முடியும்வரை அடுக்குகள் இம்மியும் நகராமல் இருந்தால்தான் அந்தப் பயன் கிடைக்கும். ஆகவே, பிணைப்பதை அறுப்பதற்கு முந்தைய சில்லறை வேலையாகக் கருதாமல், வேலையின் பாதியாகவே கருத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நரம்புகள் துளையிட்டதுபோல் தெரியும் இலை வடிவத்தில், 10 சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு கோப்பைத் தட்டுகளைச் செய்வதாகக் கொள்வோம். இதற்கு 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிர்ச் மரப் பிளைவுட் பொருத்தமானது. நான்கு அடுக்கும் சேர்ந்து 12 மில்லிமீட்டர் ஆகும். பல இயந்திரங்கள் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் தடிமன் வரை இடம் கொடுத்தாலும், தடிமன் கூடக்கூட வளைவுகளில் பிளேடு வளைந்து, மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வடிவம் மாறிவிடும் என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் 20 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பலகைகளை 13 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பலகையை அழுத்திப் பிணைத்தால், துண்டு விடுபட்டதும் அது பழைய வளைவுக்கே திரும்பிவிடும், அதை ஒதுக்கிவிடுங்கள். இரு பக்கங்களையும் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூளை முழுவதும் துடைத்தெடுங்கள். தூள் இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது.

இனிப் பிணைக்கும் முறைகளைப் பார்ப்போம். எளியது, நான்கு விளிம்புகளையும் மாஸ்கிங் டேப்பால் இறுக்கிச் சுற்றுவது. குறைந்த அடுக்குகளுக்கு இது போதும். அடுக்கு கூடினால் டேப் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டாவது, விளிம்புகளில் ஆங்காங்கே சூட்டுப்பசை (சூட்டில் உருக்கி இடும் பசை) இடுவது. அடுக்கைப் பிடிப்பான்களால் அழுத்தி வைத்துக்கொண்டு பசையை இட வேண்டும். மூன்றாவது, வடிவத்துக்கு வெளியே, கழிவாகப் போகும் பகுதியில் மெல்லிய ஆணிகளை அடிப்பது. பக்கவாட்டு நகர்வை இதைப்போலத் தடுக்கும் முறை வேறில்லை. ஆணியின் நீளம் அடுக்கின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும், ஏனெனில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முனை இயந்திரத்தின் மேசையைக் கீறுவதோடு, அடுக்கையும் சாய்த்துவிடும். தப்பித் தவறி நீட்டிக்கொண்டால் அரத்தால் தேய்த்து மட்டமாக்குங்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இவை அனைத்தும் பிடித்திருப்பது கழிவுப் பகுதியைத்தான். வெளிக்கோட்டை அறுத்து முடிக்கும் தறுவாயில், இலையை ஒன்றாகப் பிடித்திருப்பது எதுவும் இராது. அதனால் இலையின் உடற்பகுதிக்குள், நரம்புக் கோடுகள் படாத இரண்டு இடங்களில், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே நகத்தின் அளவில் மெல்லிய இருபக்க டேப்பை வைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லிய மேற்பரப்பு உரிந்துவிடும் என்று அஞ்சினால், முதலில் அந்த இடங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் இருபக்க டேப்பை வையுங்கள். மூலைகளில் ஆணி, உள்ளே இருபக்க டேப் என்ற இந்தச் சேர்க்கையையே நான் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைப்பேன்.

மேல் அடுக்கில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் வடிவம் வரைந்த தாளை ஒட்டுங்கள். பிறகு, மூலைமட்டத்தை வைத்துப் பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். ஒற்றைப் பலகையில் கண்ணுக்குத் தெரியாத சாய்வு, நான்காம் அடுக்கில் வடிவத்தையே கெடுத்துவிடும். 5ஆம் எண் பிளேடு இந்தத் தடிமனுக்கு ஏற்றது. கீழ்முனையில் சில பற்கள் மேல்நோக்கி அமைந்த வகையை வாங்கினால் அடிப்பக்கச் சிம்புகள் குறையும்.

நரம்புகளை அறுக்கப் பிளேடை நுழைப்பதற்கான துளைகளை 1.5 முதல் 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டால், அடியில் ஒரு வீண்பலகை வைத்து, நேராக இடுங்கள். உள்வெட்டுகளை முதலிலும், வெளிக்கோட்டை இறுதியிலும் அறுக்க வேண்டும். சுற்றியுள்ள கழிவு, ஆணிகளோடு சேர்ந்து அதுவரை உங்களுக்குப் பிடிமானமாக இருக்கும். பலகையைத் தள்ளாமல், பிளேடு அறுக்கும் வேகத்துக்கு நகர்த்துங்கள். வெளிக்கோட்டில் பாதி முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அறுத்த தடத்தின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் டேப் ஒட்டிவிட்டுத் தொடர்ந்தால், கடைசி வளைவிலும் துண்டு அதிராது. பாதுகாப்புக் கண்ணாடியும் தூசிக் கவசமும் முழு நேரமும் அணிந்திருங்கள்.

பிரிக்கும்போது கத்தி முனையால் நெம்ப வேண்டாம். முடி உலர்த்தியால் சற்றுச் சூடாக்கினால் இருபக்க டேப் இளகும். அதன்பின் மெல்லிய தகடு ஒன்றை இடையில் செலுத்தி நகர்த்தினால் அடுக்குகள் தாமாகப் பிரியும். எஞ்சிய பசையை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அடிப்பக்கத்தில் நிற்கும் சிம்புகளை 220 எண் உப்புத்தாளால் நீக்குங்கள்.