ஊசியைக் கையோடு நிறுத்திவிடாதீர்கள்

போன வாரம் ஒரு முதுநிலை மருத்துவ மாணவர் எழுதிய ஈ.எம்.ஜி. (தசையில் ஊசி போட்டு அதன் மின் துடிப்பைப் பதியும் சோதனை) ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வலது கை சூம்பிய 54 வயதுக்காரர். அந்தக் கையில் மட்டும் ஐந்து தசைகளில் ஊசி போட்டு, 'கழுத்து நரம்பு வேர் பாதிப்பு' என்று முடித்திருந்தார். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எழுதினேன். மின்முனையை எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். எங்கெல்லாம் ஊசி போட்டுப் பார்ப்பது, முடிவை எப்படி எழுதுவது என்பது தானாக வராது. அதில் நடக்கும் தவறுகள் இவை.

பலவீனமான கையோடு நிறுத்துவது

அந்தக் காலத்தில் இதேபோல் கை சூம்பி என்னிடம் வந்த ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அந்த வயதில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் கழுத்திலும் அது தெரியும். அவருக்கு வலி இல்லை, மரமரப்பு இல்லை. அதுவே என்னை உறுத்தியிருக்க வேண்டும். கழுத்துத் தேய்மானம் என்று எழுதினேன், ஆபரேஷன் நடந்தது. ஏழு மாதத்தில் பேச்சு குழறியது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய்: ஏ.எல்.எஸ்.

நடுமுதுகுத் தசையில் ஒரு ஊசி போட்டிருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். கழுத்து எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அங்கே ஃபிப்ரிலேஷன் (நரம்பை இழந்த தசை ஓய்விலும் தானாகத் தரும் மின் துடிப்பு) வராது. காலில் வந்தால்கூட இடுப்புத் தேய்மானம் என்று சொல்லித் தப்பிக்கலாம். நடுமுதுகில் தேய்மானத்தால் நரம்பு நசுங்குவது அபூர்வம். சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் கவனம் தேவை, அவர்களுக்கு அந்த வேர்களே பாதிக்கப்படலாம். அப்புறம் நாக்கு, ஒரு கால். எல்லாம் சேர்த்துக் கூடுதலாகப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். வெளியே கூட்டம் காத்திருக்கிறது என்று அதை விடுவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

19 வயதுப் பையனுக்கு ஏ.எல்.எஸ். என்று எழுதுவது

முதலில் 1959-இல் ஜப்பானில் ஹிராயமா விவரித்த, இளவயதில் கை சூம்பும் நோயை நினையுங்கள். இரண்டிலும் உணர்வு நரம்புப் பதிவு சரியாகவே இருக்கும். ஆனால் ஏ.எல்.எஸ்.-இல் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கத் தசை முந்திக் குறையும், ஹிராயமாவில் சுண்டுவிரல் பக்கம். கழுத்தைக் குனியவைத்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். நேராகப் படுக்கவைத்து எடுத்தால் தவறவிடலாம்.

சில்லென்ற கை

கைத்தோலின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் வாரத்திலேயே ஊசி

நரம்பு பாதிக்கப்பட்டபின் கைகால் தசைகளில் ஃபிப்ரிலேஷன் தெரிய மூன்று வாரம் வரை ஆகும்.

'நார்மல், தண்டுவடம் நன்றாக இருக்கிறது'

இந்தச் சோதனைக்குத் தெரிவது தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் முன்கொம்பு செல்களும் அவற்றிலிருந்து வெளியே வரும் நரம்பும்தான். மேலும் கீழும் ஓடும் தடங்கள் தெரியாது. உணர்வு நரம்பின் செல்கள் தண்டுவடத்துக்கு வெளியே இருப்பதால், உள்ளே நீர்க்குழி விழுந்து கை மரத்துப்போனவருக்கும் அந்தப் பதிவு சரியாகவே வரும். அவருக்குத் தேவை எம்.ஆர்.ஐ.