லைனில் பாட்டில் அடிக்கடி சாய்கிறதா? இப்படிச் சரிபாருங்கள்

பேக்கிங் லைன் நின்றதும் எல்லோரும் நிரப்பும் ஃபில்லரையோ லேபிள் ஒட்டும் லேபிளரையோதான் திட்டுவார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும், அதற்கு முன்னால் ஒரு காலி பாட்டில் குறுக்கே விழுந்து பின்னால் வரும் மொத்தக் கூட்டத்தையும் மறித்துக்கொண்டு கிடக்கும். பெரும்பாலும் இது நடப்பது பாட்டில் கைமாறும் இடத்தில்: ஒரு கன்வேயர் செயினிலிருந்து அடுத்த செயினுக்கு, செயினிலிருந்து ஸ்டார் வீலுக்கு (விளிம்பில் பாட்டில் உட்காரும் பள்ளங்கள் உள்ள சக்கரம்). அந்த இடத்தை முதலில் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் படாத தட்டல் எல்லாம் அதில் தெரியும்.

அப்புறம் வேகக் கணக்கு. 70 மி.மீ. விட்டமுள்ள பாட்டில், நிமிடத்துக்கு 120 என்றால், ஒன்றை ஒன்று ஒட்டி வந்தாலே செயின் நிமிடத்துக்கு 8.4 மீட்டர் ஓட வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். ரொம்பக் கூட்டினால் செயின் அடியில் வழுக்கிக்கொண்டே பாட்டில்களை நெருக்கித் தள்ளும், அந்தப் பின்னழுத்தத்தில்தான் லேசான பாட்டில் எகிறுகிறது. அடுத்தடுத்த கன்வேயர்களின் வேகம் படிப்படியாக மாறட்டும்.

பாட்டில்களை இரு பக்கமும் அணைத்து வழிநடத்தும் கைடு ரெயிலில் பலரும் தாராளமாக இடைவெளி விட்டுவிடுகிறார்கள். வட்டப் பாட்டிலுக்கு விட்டத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் பாட்டில்கள் வளைந்து வளைந்து நின்று ஒன்றோடொன்று ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும்.

இனி டைமிங் ஸ்க்ரூ, அதாவது ஒட்டி வரும் பாட்டில்களைப் பிரித்துச் சீரான இடைவெளியில் ஸ்டார் வீலுக்குத் தரும் மரையுள்ள உருளை. என்னைக் கேட்டால் இந்த வேலையில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு கிடையாது. நுழையும் பக்கம் மரையின் இடைவெளி பாட்டில் அளவுக்கு இருக்கும், போகப் போக விரிந்து, வெளியேறும் இடத்தில் ஸ்டார் வீலின் பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். ஒற்றை மரை என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு பாட்டில், அதாவது நிமிடத்துக்கு 120 பாட்டிலுக்கு 120 சுற்று. டைமிங் சரியா என்று பார்க்க, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டுக் கையால் சுற்றுங்கள். பாட்டில் பள்ளத்தின் நடுவில் போய் உட்கார வேண்டும், விளிம்பில் இடிக்கக் கூடாது. வெளியே வந்த பாட்டில்களில் எப்போதும் ஒரே பக்கம் கீறல் இருந்தால் டைமிங் விலகியிருக்கிறது, அல்லது ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது. வடிவம் மாறினால் ஸ்க்ரூவும் மாற வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

விழுந்த பாட்டில் ஸ்க்ரூவுக்குள் போனால் நசுங்கும். அதற்கு ஒரு நல்ல யுக்தி: இரண்டு கன்வேயருக்கு நடுவே அடிப்பகுதியைத் திறந்து விட்டு, இரு பக்கமும் ரப்பர் பெல்ட் வைத்து உடலின் மேல்பகுதியைப் பிடித்துக் கடத்துவது. நிற்கும் பாட்டில் தாண்டிவிடும், படுத்திருப்பது பெல்ட்டுக்கு எட்டாமல் கீழே விழுந்துவிடும். சென்சார் எதுவும் தேவையில்லை!

அடி உருண்டையானவை, ஒல்லியாக உயரமானவை எல்லாம் தானாக நிற்காது. அவற்றை 'பக்' என்கிற பிளாஸ்டிக் கிண்ணத்தில் நிறுத்தி ஓட்டுங்கள். காலி பெட் பாட்டிலுக்கு ஏர் கன்வேயர்: கழுத்து வளையத்தில் தொங்கவிட்டுக் காற்றால் தள்ளுவார்கள், நிற்க வேண்டிய அவசியமே இல்லாததால் சாய்வதும் இல்லை. கழுத்து அளவு ஒன்றாக இருந்தால் பாட்டில் மாறும்போது பக்க கைடுகளைத் திருத்தினால் அநேகமாகப் போதும்.

கடைசியாக, பாட்டில்கள் அடைத்து நிற்பதைக் கண்டுபிடிக்கும் ஜாம் சென்சார். இதை உடல் உயரத்தில் மாட்டாதீர்கள், ஒட்டி வரும் பாட்டில்களுக்கு நடுவே அங்கே இடைவெளியே தெரியாது. கழுத்து உயரத்தில் மாட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மேலே சொன்ன வேகத்தில் அரை நொடிக்கு ஒரு பாட்டில் கடக்கும், இரண்டு நொடி சிக்னல் மாறவில்லை என்றால் முந்தைய கன்வேயரை நிறுத்தும்படி டைமர் வையுங்கள்.