வால்வ் அம்பிளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் இருந்து வந்த உறவினர் தந்துவிட்டுப் போன 4 ஓம் ஸ்பீக்கர் (ஓம் என்பது மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு). வீட்டில் அப்பா காலத்து, கண்ணாடிக் குழாய் போட்ட வால்வ் அம்பிளிபயர், பின்னால் 8 ஓம் என்று எழுதிய முனை. கொழுவிப் பார்த்து, "பாடுதுதானே" என்று அப்படியே விட்டுவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் நான் அதிகம் காண்கிற தவறு இதுதான்.

பாடும், சரி. ஆனால் வால்வுக்குத் தேவை ஆயிரக்கணக்கான ஓம். அதை அமைத்துக் கொடுப்பது அவுட்புட் ட்ரான்ஸ்போமர். அதன் இரண்டு சுருள்களின் சுற்று விகிதம் 25க்கு 1 என்றால், ஸ்பீக்கரின் ஓம் 25 × 25, அதாவது 625 மடங்காகி வால்வுக்குத் தெரியும். 8 ஓம் 5000 ஆகும். அதே முனையில் 4 ஓம் கொழுவினால் 2500தான். வால்வ் கூடுதலாகச் சூடாகும், ஒலி சீக்கிரம் கரகரக்கும், வால்வின் ஆயுளும் குறையும். 4 ஓம் முனை இருந்தால் அதையே பாவியுங்கள். இல்லையென்று 4 ஓம் தடையொன்றைத் தொடராகப் போட வேண்டாம். பாதிச் சக்தி அதில் வெப்பமாகப் போய்விடும், பேஸ் எனும் தாழ்ந்த ஒலியும் கட்டுப்பாடு இழக்கும்.

ஸ்பீக்கரின் பின்னால் உள்ள எண்ணையும் முழுதாக நம்பக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 6.4 வரை இறங்குவதைச் சர்வதேசத் தரநிலையே அனுமதிக்கிறது. அதற்கும் கீழே போகிறவையும் உண்டு. அப்படி 4 ஓமை ஒட்டி இறங்கும் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். சத்தம் சற்றுக் குறையலாம், ஆனால் ஒலி நிதானமாக இருக்கும். மல்டிமீற்றரில் 6 ஓம் காட்டினால் குழம்ப வேண்டாம். அது கம்பிச் சுருளின் தடை மட்டுமே, 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சமாந்தரமாகக் கொழுவினால் 4 ஓம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது ஸ்பீக்கரே இல்லாமல் ஓடவிடுவது. ட்ரான்சிஸ்டர் செற்றில் பழகியவர்கள் வயர் கழன்றால் பரவாயில்லை, ஷோர்ட் ஆனால்தான் ஆபத்து என்று நினைப்பார்கள். வால்வில் கதை மாறுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் கழன்றால் ட்ரான்ஸ்போமரில் மின்னழுத்தம் எகிறி, காப்பு உடைந்து, சுருளே எரியலாம். நல்ல அவுட்புட் ட்ரான்ஸ்போமர் இங்கே தேடிக் கிடைக்கிற பொருள் இல்லை. கடற்காற்றில் செப்பு வயரின் நுனி பச்சை படிந்து தொடுப்பு விட்டுப் போகும், அதனால் அவ்வப்போது நுனியைச் சுரண்டி, திருகாணியை இறுக்குங்கள். ஸ்பீக்கரை மாற்றுவதென்றால் முதலில் சுவிச்சை நிறுத்துங்கள். புதியதைக் கொழுவி, வயரை இழுத்துப் பார்த்த பிறகு மட்டும் சுவிச்சைப் போடுங்கள்.