16 ஜிபி ரேமை விஎம்களுக்குப் பங்கிடுவது எப்படி?

சிபியு கோர்களை இருப்பதைவிட இரண்டு மடங்கு பங்கிட்டாலும் விஎம்கள் (ஒரு மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ரேமில் அந்தச் சலுகை கிடையாது. இருப்பைத் தாண்டினால் ஹோஸ்டின் (விஎம்களைத் தாங்கும் மெஷினின்) லினக்ஸ் கெர்னல் ஒரு புராசஸைக் கொன்றுதான் இடம் பிடிக்கும். பெரும்பாலும் பலியாவது அதிக ரேம் வைத்திருக்கும் விஎம். அதனால் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். இங்கே சொல்வது விஎம்களை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் ஓடும் 16 ஜிபி மெஷினுக்கான கணக்கு.

ஹோஸ்டுக்கு எடுத்து வைத்த பிறகுதான் மற்றவை

ஹோஸ்டுக்கு 2 ஜிபி. டிஸ்க் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் அது ரேமில் வைக்கும் ஏஆர்சி கேஷுக்கு இன்னொரு 2 ஜிபி. பலரும் சறுக்குவது இங்கேதான். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல், புதிதாக நிறுவும்போது ஏஆர்சிக்கு ரேமில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. அதற்கு முன் நிறுவி அப்கிரேடு செய்துகொண்டே வந்த மெஷினில் அது பாதி ரேம் வரையோ அதற்கு மேலுமோ வளரலாம். தேவைப்பட்டால் ஏஆர்சி சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் 4 ஜிபி விஎம் ஒன்று திடீரென்று ஸ்டார்ட் ஆகும் வேகத்துக்கு அது சுருங்காது. வரம்பை இசட்எஃப்எஸ் மாட்யூலின் கான்ஃபிக் கோப்பில் பைட்டில் எழுத வேண்டும்: 2 ஜிபிக்கு 2147483648. ரூட் டிஸ்க்கும் இசட்எஃப்எஸ் என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பை) புதுப்பித்து ரீபூட் செய்யாமல் எடுபடாது.

மீதி 12. அதில் 1 ஜிபியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு விஎம்முக்கும் அதை ஓட்டும் புரோகிராமான க்யூஎமு தனக்கென்று கொஞ்சம் ரேம் எடுத்துக்கொள்ளும். அது நீங்கள் ஒதுக்கிய கணக்கில் வராது.

11 ஜிபியைப் பிரித்தால்

டிஎன்எஸ் ஃபில்டர் போன்ற சின்ன வேலைக்கு விஎம்மே வேண்டாம், 512 எம்பி எல்எக்ஸ்சி கன்டெய்னர் (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும் இலகுவான அமைப்பு) போதும். கன்டெய்னருக்குத் தரும் எண் உச்சவரம்பு மட்டுமே. பயன்படுத்தாதது ஹோஸ்டிடமே இருக்கும். வீட்டு ஆட்டோமேஷனுக்கான ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு 2048 எம்பி, டாக்கர் ஓடும் லினக்ஸ் விஎம்முக்கு 4096, விண்டோஸ் 11-க்கு அதன் குறைந்தபட்சமான 4096. மொத்தம் 10.5 ஜிபி.

ஒரு வாரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் லினக்ஸ் விஎம் 90 சதவீதம் காட்டினாலே ரேமைக் கூட்டிவிட வேண்டாம்: சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் ஃபைல் கேஷாக நிரப்பிக்கொள்ளும். விஎம்முக்குள் போய் ஃப்ரீ கட்டளையில் ‘அவைலபிள்’ நெடுவரிசையைப் பாருங்கள். 4 ஜிபியில் எப்போதும் 2 ஜிபிக்கு மேல் அவைலபிள் என்றால் 3072 தாராளம். விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவதும் ஸ்வாப்புக்குப் போவதும்; ஸ்வாப் என்பது ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் நின்றால் உண்மையிலேயே பற்றாக்குறை.

பலூனிங்கை நம்பலாமா?

ஓரளவுக்கு. ஓடும் விஎம்மிடமிருந்து ரேமைத் திரும்ப வாங்கும் வசதிதான் பலூனிங். மெமரி அமைப்பில் மேல் எண் 4096, ‘மினிமம் மெமரி’ 2048 என்று கொடுத்தால், ஹோஸ்டின் ரேம் பயன்பாடு 80 சதவீதத்தைத் தொடும்போது அந்த விஎம்மிடமிருந்து ரேம் திரும்பப் பெறப்படும். லினக்ஸில் இதற்கான டிரைவர் கெர்னலோடு வந்துவிடும். விண்டோஸில் விர்ட்ஐஓ டிரைவரை நீங்கள்தான் நிறுவ வேண்டும். டேட்டாபேஸ், ஜாவா சர்வர் இருக்கும் விஎம்மில் மினிமத்தை மேல் எண்ணுக்குச் சமமாகவே வையுங்கள். அவை ஸ்டார்ட் ஆகும்போது பார்த்த ரேமை வைத்து பஃபரையும் ஹீப்பையும் முடிவு செய்திருக்கும். பின்னால் பிடுங்கினால் விஎம்முக்குள்ளேயே அடிதடிதான். கிராஃபிக்ஸ் கார்டு போன்ற பிசிஐ பாஸ்த்ரூ கொடுத்த விஎம்மில் ரேம் முழுவதும் முதலிலேயே பூட்டப்பட்டுவிடும், பலூனிங் பலிக்காது.

ஒரே மாதிரியான ரேம் பக்கங்களை ஒன்றாக்கும் கேஎஸ்எம், ஒரே ஓஎஸ் ஓடும் பல விஎம்கள் இருந்தால்தான் உருப்படியாக மிச்சம் பிடிக்கும். ஸ்வாப் 4 ஜிபி வைக்கலாம், ஆனால் இசட்எஃப்எஸ் வால்யூமில் வேண்டாம். ரேம் நெருக்கடியில் மெஷினே உறைந்துபோகலாம்.

விஎம் தானாக நின்றுபோனால்

ஹோஸ்டின் ஜர்னலில் (சிஸ்டம் லாக்கில்) ‘அவுட் ஆஃப் மெமரி’ வரியைத் தேடுங்கள். அங்கே விஎம் புராசஸின் பெயரான கேவிஎம் இருந்தால் காரணம் ஹோஸ்டில்தான். விஎம்முக்குள் லாக் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். செத்த விஎம்தான் குற்றவாளி என்றும் முடிவு கட்டாதீர்கள், பெரிதாக இருந்ததால் மாட்டியிருக்கும். அதே நிமிடத்தில் வேறு எந்த விஎம் ஸ்டார்ட் ஆனது, எந்த பேக்கப் ஓடியது என்று பாருங்கள்.