ஜப்பானுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு: அரச மருத்துவக் காப்புறுதியில் சேருவது எப்படி

தம்பி பரந்தனிலிருந்து ஜப்பானுக்கு மொழிப் பள்ளி விசாவில் போய் இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் காப்புறுதிக் கடிதம் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். நான் இங்கே இருந்து வாசித்துச் சொல்லுவேன். இப்போது விசுவமடு, தருமபுரம் பக்கம் இருந்தும் பிள்ளைகள் போகிறார்கள், வீட்டார் வந்து கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குக் காய்ச்சல் என்றால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவோம், மருந்து காசில்லாமல் கிடைக்கும். அதனால்தான் காப்புறுதி என்றதும் விரும்பினால் எடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். ஜப்பானில் இது கட்டாயம். மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி கிடைத்து, நகரசபையில் விலாசம் பதிந்த வெளிநாட்டவர், வேலை இடத்துக் காப்புறுதி இல்லையென்றால் ‘கொக்குமின் கென்கோ ஹொக்கென்’ என்ற அரச காப்புறுதியில் சேர வேண்டும். 2012 ஜூலைக்கு முன் இந்தக் கணக்கு ஒரு வருடமாக இருந்தது. பழைய பதிவுகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சேர்ந்தால் வைத்தியச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் கையிலிருந்து போகும். 10,000 யென் செலவென்றால் 3,000 யென்.

பிள்ளையைப் பார்க்க 90 நாள் விசாவில் போகிற அம்மா அப்பாவுக்கு இது கிடையாது. அவர்களுக்குப் பயணக் காப்புறுதியை இங்கேயே எடுத்துவிடுங்கள்.

படி 1: விலாசம் பதிதல்

நரிட்டா, ஹனேடா போன்ற விமான நிலையங்களில் இறங்கும்போதே வதிவிட அட்டை தருவார்கள். அதில் விலாசம் இருக்காது. வீடு அமைந்து 14 நாளுக்குள் அந்த அட்டையோடும் கடவுச்சீட்டோடும் நகரசபைக்குப் போய் விலாசத்தைப் பதியுங்கள்.

படி 2: காப்புறுதிப் பிரிவு

அதே நாளில் அங்கேயே காப்புறுதிப் பிரிவுக்கும் போய்விடுங்கள். பிந்திப் போனால் காசு மிஞ்சும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட்டணம் நீங்கள் பதிந்த நாளிலிருந்து அல்ல, தகுதி தொடங்கிய மாதத்திலிருந்து கணக்கிடப்படும். 2024 டிசம்பர் 2 முதல் புதிய காப்புறுதி அட்டை கொடுப்பதில்லை. ‘மை நம்பர்’ என்ற ஜப்பானிய அடையாள அட்டை, அது இல்லாதவர்களுக்குத் தகுதியை உறுதிப்படுத்தும் ஒரு பத்திரம், இவைதான் இப்போது.

படி 3: “வருமானம் இல்லை” என்று எழுதிக் கொடுத்தல்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். பதிவு முடிந்து சில கிழமையில் ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். தம்பி அதைக் கடை விளம்பரங்களோடு சேர்த்துப் பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டான். பிறகு கட்டணச் சீட்டு வந்தபோது, கூட இருக்கிற பெடியனுடையதை விட மிகக் கூடுதலாக இருந்தது. ஒரே அறை, ஒரே பள்ளி, ஒரே நகரசபை. விசாரித்த இடத்தில் “அப்படித்தான் வரும், கட்டுங்கள்” என்றார்களாம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அவனிடமிருந்த தாள் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லி மூன்று இரவு இருந்து பார்த்தேன். அந்த விளம்பரக் கட்டுக்குள் கிடந்தது வருமான அறிவித்தல் படிவம். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வருகிற நிலையான பகுதியில் 70, 50 அல்லது 20 சதவீதம் கழிப்பார்கள். ஆனால் உங்கள் வருமானம் இன்னது என்று நகரசபைக்குத் தெரிந்தால்தான் கழிப்பார்கள். புதிதாக வந்தவரின் கணக்கு அவர்களிடம் இருக்காது. பேசாமல் இருந்தால் ‘வருமானம் இல்லை’ என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ‘தெரியாது’ என்றுதான் எடுப்பார்கள்.

படிவத்தில் “ஜனவரி 1ஆம் திகதி உங்கள் விலாசம் என்ன?” என்று ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்கு அவன் பரந்தனில் வயல் வரம்பில் நின்றவன். ஜப்பான் விலாசம் இல்லையே என்று வெறுமையாக விடப் பார்த்தான். விடக்கூடாது. “இலங்கை” என்று எழுதி, வருமானம் இல்லை என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு, பெயரும் திகதியும் எழுதிக் கொடுத்தான். கட்டணம் குறைத்துப் புதிய சீட்டு வந்தது. இந்தப் படிவம் அடுத்த வருடமும் வந்தால் அடுத்த வருடமும் நிரப்புங்கள்.

வாசிக்க எனக்குப் பிடித்தது கூகுள் லென்ஸ்தான். தமிழுக்கு மாற்றினால் வசனம் உடைகிறது, ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சின்னச் சின்ன ஜப்பானிய எழுத்துகள் (காஞ்சி) மங்கிவிடும். படத்தை டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: கட்டுதல்

பார்கோட் உள்ள சீட்டைக் கொண்டுபோய்க் ‘கொன்பினி’ என்ற சின்னப் பலசரக்குக் கடையில் கட்டலாம். கட்ட முடியாத மாதம் ஒளிந்திருக்காமல், நகரசபைக்குப் போய்த் தவணை கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகன் முழுநேர வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் காப்புறுதி கழிகிறதாம், ஆனாலும் நகரசபைச் சீட்டு வருகிறதாம். அம்மா, பழைய காப்புறுதியிலிருந்து விலகுவதை வேலை இடம் செய்து தராது. மகனே புதிய காப்புறுதிக்கான அத்தாட்சியோடு 14 நாளுக்குள் நகரசபைக்குப் போக வேண்டும். நாள் கடந்துவிட்டாலும் போகச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: லீவில் ஊருக்கு வந்து சுகமில்லாமல் போனால்? எங்கள் அரச ஆஸ்பத்திரியில் செலவில்லை. யாழ்ப்பாணத்தில் தனியார் வைத்தியசாலையில் காட்டிக் காசு கட்டியிருந்தால், ஜப்பானில் காப்புறுதிக்குள் வருகிற வைத்தியமாக இருந்தால், ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். வைத்தியத்துக்கென்றே வந்திருந்தால் தர மாட்டார்கள். கட்டி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். வைத்தியர் நிரப்புகிற படிவம், செலவு விபரம், ரசீது மூன்றையும் கட்டுநாயக்காவுக்கு வான் ஏறுவதற்கு முன்பே கையில் வாங்கிவிடுங்கள்.